கிணற்று மானியத்துக்காகப் பாகம் பிரிந்தோம்

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையோரம் எங்கள் நிலம். எழுபதுகளில், எனக்கு ஆறு வயது இருக்கும்போது, மழை ஏமாற்றியதில் கிணறு தரை தட்டிவிட்டது. வேர்க்கடலைச் செடிகள் பூவோடு வாடி நின்றன. வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்த அரசாங்கம் மானியம் தருகிறது என்று நைனா கேட்டு வந்தார். சிறு விவசாயிகளுக்கு மட்டும்தானாம். நைனாவும் சித்தப்பாவும் கூட்டாக வைத்திருந்த நிலம் அரசாங்கத்தின் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

அதனால் பாகம் பிரிந்தோம். மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் போய்ப் பத்திரம் பதிந்துவிட்டு, அப்படியே மலையேறி முருகனையும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். குடும்பம் இரண்டுதானா என்று பார்க்க அதிகாரி வருவார் என்பதால், மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தைத் தடுத்துச் சித்திக்குத் தனி அடுப்பு போட்டார்கள்.

சித்திக்குக் குழந்தை இல்லை. என் தம்பி கைக்குழந்தையாக இருந்ததால், நான் குளித்தது, தின்றது, தூங்கியது எல்லாம் சித்தியிடம்தான். புது அடுப்பை மெழுகி, சுற்றிலும் கோலம் போட்டாள் அவள்.

"ஆபீசர் பாத்துட்டுப் போறதுக்கு இம்மாங் கோலமா?" என்று அம்மா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்டா இந்தப் பக்கம், உரல் அந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் சொன்னவர்கள், நான் எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லை.

அதிகாரி ஒரு காலையில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தவர், சித்தியின் அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது, நேத்து போட்ட அடுப்பு மாதிரி கீது?"

சித்தப்பா மாட்டைத் தடவிக்கொடுத்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

பல நாளாக நெஞ்சில் கிடந்தது வெடித்துவிட்டது. சித்தியின் புடவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "நான் சித்தி வூடு! அம்மா வூட்டுக்குப் போவ மாட்டேன்!"

"பொண்ணைக்கூடப் பிரிச்சிக்கினீங்களா!" என்று சிரித்தபடியே அவர் கையெழுத்துப் போட்டார்.

அவர் தலை மறைந்ததும் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார். "சொல்லிக் குடுக்காமலே எப்டிப் பொய் சொல்லிச்சு பாரு!" என்றார் நைனா.

"பொய் இல்ல நைனா" என்றேன்.

அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மானியம் வந்தது, கிணற்றில் ஊற்றுக்கண்ணும் திறந்தது. ஆனால் எனக்கு நினைவிருப்பது அன்றைய மதியச் சாப்பாடுதான். அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டு, வழக்கமில்லாமல் நெய்யும் விட்டாள். "போ, சித்திகிட்ட போய்த் துன்னு" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். கொட்டகைக்குப் போனேன். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். "அம்மாகிட்டயே போய் உக்காந்து துன்னு கண்ணு. அது மனசு தாங்காது."

திரும்பி வந்தால் அம்மா, "சித்தி காத்துகினு இருக்கும், போ" என்றாள்.

இரண்டு பேருக்குமே நான் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து, நடுவாசலில் நெய்ச்சோற்றோடு நின்று அழுதேன்.