நீரூற்றில் நிற்கும் மாமா

ஆரணியில் என் தாய்மாமாவுக்கு வைத்த சிலையை இன்று திறந்தார்கள். படகிலிருந்து குதித்துக் கரையேறும் கமாண்டோ, காலடியில் நீரூற்று. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் பத்து வயது.

மாமா போரிலிருந்து திரும்பியிருந்த ஆடித் திருவிழா. முறைப்பெண்கள் மாமன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் நாள். குடத்தோடு பின்னால் போய் ஊற்றினேன். மாமா அலறியபடி வீட்டுக்குள் ஓடி, நெசவுத் தறியின் கால்குழிக்குள் பதுங்கி, "சுடாதீங்க, சுடாதீங்க" என்று அழுதார். தெருவே வந்து நின்று சிரித்தது.

"எப்படி நடுங்கிகினு கீறான் பாரு. இன்னொரு குடம் ஊத்துடி" என்றார் அப்பா.

ஊற்றினேன். அதன்பின் மாமா குளிக்கவே இல்லை. நாற்றம் தாங்காமல் அப்பா அவரை மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்தார். மாமா அங்கேயே செத்தார்.

இன்று மேடையில் அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"தண்ணிய இன்னும் ஜாஸ்தியா வுடுங்க, அப்பதான் நல்லாருக்கும்" என்றார் அப்பா.

நானும் கை தட்டினேன்.