சுக்கூர் பாய் ஊர் ஊராய்ச் சொன்ன தப்பு

போன வெள்ளிக்கிழமை மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நம்மோடு அணை வேலையில் வெல்டராக இருந்த கோவிந்தன் ரயிலிறங்கி நேராக என்னிடம் வந்தார். "மெக்கானிக் சுக்கூர் பாய் போயிட்டாருங்க. நேத்து தருமபுரியில அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். தேநீரைக் குடித்து முடித்தேன். அவரைப் பற்றி எழுதித் தரும்படி பழைய கூட்டாளிகள் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் விவகாரம் தெரிந்தும் என்னிடம் கேட்ட உங்கள் துணிச்சலைத்தான் மெச்ச வேண்டும்.

எழுபதாம் வருடத்தை ஒட்டி மாரண்டஹள்ளிக்கு அப்பால் அணை கட்டியபோது வெளிநாட்டு டம்பர்கள் மூன்று வந்திறங்கின. ரோட்டில் ஓடும் வண்டிகள் அல்ல. பாறை சுமந்து மேடேறுவதற்கென்றே ஆனவை. கிளச்சு மிதி கிடையாது. கியர் தானாக மாறும். இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல் வாரம் முழுக்க டிரைவர்கள் நாங்கள் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டிருந்தோம். பாய்க்குத் தெரிந்ததெல்லாம் சாதாரண லாரிகள். விற்ற கம்பெனியின் ஆள் நான்கு நாள் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு ஆங்கிலப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனான். புத்தகம் இன்ஜினியர் மேஜையில் கிடந்தது. வண்டிகள் பாய் தலையில் விழுந்தன.

ஒருநாள் இரண்டாம் டம்பர் முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றுவிட்டது. கியர் பெட்டியை இறக்கச் சொல்லி எல்லோரும் குதித்தார்கள். பாய் அசையவில்லை. "கழட்டறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கணுமுங்க. கழட்டிப் போட்ட வண்டி என்னத்த பேசும்?" என்றார். லீவரை ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியில் ஒரு பின் கழன்று விழுந்திருந்தது. அரை மணியில் வண்டி ஓடியது. அன்று அவரைத் தோளில் தூக்காத குறை.

மூன்றாம் டம்பர் என்னுடையது. காலையில் நன்றாக இழுக்கும். வெயில் ஏறி வண்டி சூடானதும், மேட்டில் இன்ஜின் கத்தும், சக்கரம் திரும்பாது. ஒரு மதியம் பாறைச் சுமையோடு பின்னால் நழுவியது. கீழே கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறி ஓடினார்கள். எப்படியோ பிரேக்கில் நிறுத்தினேன். பாய் வந்தார். கியர் பெட்டியின் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். கருகிய வாடை. இன்ஜினியர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேத்து மிதிச்சிருக்கீங்க. உள்ள தட்டெல்லாம் கருகிப்போச்சு" என்றார் பாய்.

"நான் அப்பிடி மிதிக்கலீங்க பாய். ஒருக்கா நீங்களே ஓட்டிப் பாருங்க."

அன்று அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. மாலைக்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்குவாரிக்குப் போனாலும், "கியர் பொட்டியக் கருக்கனது நீதானப்பா?" என்றுதான் கேட்டார்கள். ஸ்டியரிங் பிடித்த கையால் அண்ணன் காட்டில் கடலைக்கொடி பிடுங்கினேன்.

நான்கு மாதம் கழித்து பாய் மொரப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ரெண்டாம் நெம்பரும் அதேமாதிரி நழுவுச்சுங்க. இந்தத் தடவ நானே ஓட்டுனேன். எனக்கும் நழுவுச்சு" என்றார். சாவி போடுவதற்கு முன் எண்ணெய் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த காலைச் சட்டம். சாதாரண லாரிக்கு அது சரி. இந்த வண்டிகளில் இன்ஜின் நின்றிருந்தால் கியர் பெட்டியின் எண்ணெயெல்லாம் அடியில் இறங்கிக் குச்சியில் நிறையக் காட்டும். சூடாக ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். "எண்ணெ பத்தாமத்தான் கருகிருக்குது. தப்பு எம்மேலதானுங்க. இன்ஜினியருகிட்ட சொல்லிட்டேன். உங்க எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சாம், ஒத்துக்கல." நான் "சரி, போயிட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். லீவு நாளெல்லாம் பஸ் பிடித்து, குவாரி குவாரியாக, லாரி முதலாளி முதலாளியாகப் போய், "டிரைவர் மேல தப்பில்ல, எனக்குத்தான் எண்ணெ பாக்கத் தெரியல" என்று சொல்லியிருக்கிறார். அதியமான்கோட்டையில் ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டு லாரி கொடுத்தார். பாய்க்கு அப்புறம் யாரும் பெரிய வண்டி கொடுக்கவில்லை. எண்ணெய் பார்க்கத் தெரியாத மெக்கானிக் என்று அவர் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துபோயிற்றே! தருமபுரியில் சின்னக் கடை போட்டு, பம்புசெட்டு பழுது பார்த்தார். வாரம் இரண்டு முறை அந்தக் கடையைத் தாண்டி லாரி ஓட்டினேன். அவர் கையைத் தூக்குவார். நான் நேரே ரோட்டைப் பார்ப்பேன். ஏழு வருடம் அப்படிப் பார்த்தேன். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?

செய்தி கேட்ட மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். யாரென்று சொன்னதும் மகன் எழுந்து நின்றான்.

"அடக்கம் பண்றதுக்கு முன்னாடி, அத்தா யாருக்காச்சும் கொறை வெச்சிருந்தா பொறுத்துக்குங்கன்னு கேட்டோமுங்க. எல்லாரும் பொறுத்துக்கிட்டோம்னு சொன்னாங்க. மொரப்பூர்க்காரர மட்டும் நேர்ல போயிக் கேளுன்னு அத்தா முன்னமே சொல்லியிருந்தாரு. நாளைக்கு வரலாம்னு இருந்தனுங்க. பொறுத்துக்குவீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாந்தான் தம்பி அவருகிட்ட கேட்டிருக்கணும்" என்றேன். அவன் விடவில்லை. அந்த வார்த்தையை என் வாயால் கேட்டாக வேண்டும் என்று நின்றான். சொன்னேன். அதைக் காதால் கேட்க வேண்டியவர்தான் இல்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது ஒன்றுதான்: நல்ல டிரைவர் என்ற என் பெயர். தம் பெயரைக் கெடுத்துக்கொண்டு அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கும் வண்டி எடுக்க வேண்டும்.