அதுக்கு மேல ஒண்ணு

பயிற்சிப் பள்ளியை முடித்து நான் முதன்முதலாக வேலைக்குப் போன ஊர் கீரனூருக்கு மேற்கே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வரப்பாக நடக்க வேண்டும். ஐம்பதுகளின் பிற்பாதி அது. ஓடு வேய்ந்த ஒரே கூடம்தான் பள்ளிக்கூடம். ஒரு பாதியில் தலைமையாசிரியர் பெரிய வகுப்புகளை வைத்திருந்தார், மறு பாதியில் நானும் ஒன்றாம் வகுப்பும். நடுவில் ஒரு தட்டி கூடக் கிடையாது. அவருடைய பாடம் எனக்குக் கேட்கும், என்னுடைய கூத்து அவருக்குக் கேட்கும்.

கூத்து என்று பெயர் வைத்தது அவர்தான். எனக்கு அப்போது கர்வம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். வாய்ப்பாட்டைத் தலையாட்டி ஒப்பிக்கிற பிள்ளைகளைக் கண்டால் எரிச்சலாக வரும். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கணக்குக்குப் பயப்படக் கூடாது என்று சபதம் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதனால் பிள்ளைகளையே எண்களாக்கி நிறுத்தினேன். அரிசி புடைக்கிற வட்டச் சுளகை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பவன் பூஜ்யம். அவன் தனியாக நின்றால் ஒன்றுமே இல்லை. ஒன்றாக நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றால் அந்தப் பிள்ளை பத்தாகிவிடும். இன்னொரு சுளகும் வந்து ஒட்டிக்கொண்டால் நூறு. பூஜ்யமாக நிற்பதற்கு வகுப்பில் அடிதடியே நடந்தது. "டீச்சர், ஒங்க பூஜ்யம் ஒண்ணு எங்க பக்கம் வந்து ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, கூட்டிக்கிட்டுப் போங்க" என்று தலைமையாசிரியர் அங்கிருந்து குரல் கொடுப்பார்.

அந்தக் கூத்தில் சேராத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். தூணோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். 'அ' எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள், பாடச் சொன்னால் பாடுவாள். கணக்கு என்றதும் வாய் பூட்டிக்கொள்ளும். தலையைக் குனிந்து கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருஷமும் அவள் ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தாள்.

அவளுடைய அப்பா கிடை போடுகிறவர். அறுவடையான வயல்களில் ராத்திரி படல் கட்டி ஆடுகளை அடைத்து, எருவுக்காக நிலத்துக்காரர்கள் கொடுக்கிற நெல்லை வாங்கிப் பிழைக்கிற குடும்பம். பொங்கல் கழிந்து ஒரு நாள் அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த வருசமும் ரெண்டாப்புக்கு ஏறலன்னா நிறுத்திர்றேன் டீச்சரம்மா. ஆட்டோட வரட்டும். தூணுக்குக் காவல் இருக்க எதுக்குங்க பள்ளிக்கூடம்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் எனக்குத்தான் வந்தது. "ஏத்திக் காட்டுறேன், இருந்து பாருங்க" என்று வாயை விட்டுவிட்டேன். ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்துத்தான் மேல் வகுப்புக்கு ஏற்றுவார். நடுவில் இருந்தது கொஞ்ச காலம்தான்.

ஆட்டுக்காரர் மகளுக்கு ஆட்டை வைத்தே கணக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு யோசனை ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் வகுப்பு முழுவதும் ஆடாயிற்று. ஒருத்தன் நரி. அவளை எழுப்பி, என் குடையைக் கையில் கொடுத்து, நீதான் ஆட்டுக்காரி என்றேன். பிள்ளைகள் நாலு காலில் நடந்து கத்திய கத்தலில் ஓட்டுக்கூரையே அதிர்ந்தது.

"மொதல்ல எத்தனை ஆடுன்னு எண்ணு. இப்ப நரி வந்து பிடிச்சுக்கிட்டுப் போகும். மிச்சம் எத்தனைன்னு சொல்லணும். எங்க, எண்ணு பார்ப்போம்!"

அவள் குடையைக் கீழே போட்டாள். வாசலைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டாள். ஆடுகளும் நரியும் முழங்காலில் நின்றபடி என்னைப் பார்த்தன. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "இன்னிக்குக் கூத்து சீக்கிரம் முடிஞ்சிருச்சு போல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை எடுத்து மூலையில் சாத்தினேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கிடைக்குப் போனேன். அவளுடைய அம்மா படலை ஊன்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அது எண்ணாதுங்க டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துல சேத்த புதுசுல, படிச்சதைக் காட்டுறேன்னு ஆட்டைப் பூராம் வெரலை நீட்டி எண்ணிப்புருச்சு. நாங்க ஆட்டை எண்றதில்லீங்க. எண்ணுனாக் கொறையும்பாக. அந்த வருச அடமழையில கழிச்சல் கண்டு குட்டிகள்லாம் போயிருச்சு. அவுகப்பா வேற ஒண்ணும் சொல்லல. 'எண்ணிப்புட்டியே ஆத்தா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அம்புட்டுத்தான். அதுலருந்து எதையும் எண்ண மாட்டேங்குது."

"அப்ப ஒரு ஆடு காணாமப் போனா எப்படித் தெரியும்?"

"மூஞ்சி தெரியாதுங்களா!" என்று சிரித்தார். எனக்கு எல்லா ஆடும் ஒரே மூஞ்சியாகத்தான் தெரிந்தது. படலுக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் என் தம்பி சாப்பிடும்போது அவன் எத்தனை இட்லி தின்றான் என்று எண்ணினால், அம்மா கரண்டிக் காம்பால் என் தலையில் ஒன்று வைப்பாள். சாப்பிடுகிறவன் உடம்புக்கு ஆகாதாம். பயிற்சிப் பள்ளியில் முதல் வகுப்பில் தேறிய நான் இன்றுவரை யாருடைய இலையிலும் இட்லியை எண்ணியதில்லை. நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர்களுக்குப் புத்தி சொல்வது?

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் குழந்தையைத்தான் நினைத்தேன். எண்ணினால் உயிர் போகும் என்று அவள் நம்புகிறாள். நான் தினமும் எண்ணு, எண்ணு என்று நச்சரித்திருக்கிறேன். மக்கு என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, இன்னும் ஒரு உயிர் என்னால் போகக் கூடாது என்று ஏழு வயதில் ஒரு குழந்தை வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அவள்மேல் ஒரு மரியாதையும் வந்தது, சொன்னால் என்ன.

அதற்குப் பிறகு உயிருள்ள எதையும் வைத்து நான் கணக்குச் சொல்லவில்லை. கூழாங்கல்லைக் கொடுத்தேன், தொடவில்லை. கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டை கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எண்ணினாலும் குறையாத பொருளுக்கு நான் எங்கே போவேன்? யோசித்து யோசித்து, கடைசியில் பொருளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு கதை சொன்னேன். எண்கள் எல்லாம் வரிசையாகச் சாமி ஊர்வலம் போகின்றன. முன்னால் ஒன்று, அதன் பின்னால் இரண்டு, அப்புறம் மூன்று. கடைசியில் ஒருத்தன் தீவட்டி பிடித்துக்கொண்டு வருகிறானே, அந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பொரிகடலை.

ஊரே அமளிப்பட்டது. ஒருத்தன் நூறு என்றான். இன்னொருத்தன் கடைக்காரரைக் கேட்டுவிட்டு வந்து லட்சம் என்றான். தபால்காரரை வழிமறித்துக் கோடியைப் பிடித்துவந்தாள் ஒருத்தி. பர்மாவுக்குப் போய்வந்த மாமா உள்ள பையன் ஒருவன், "கோடி கோடி! எங்க மாமா சொன்னாக" என்றான். பர்மா வரை போனவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? எல்லாரும் அடங்கிவிட்டார்கள். நானும் பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்துவிட்டேன்.

"அதுக்கு மேல ஒண்ணு."

தூண் பக்கத்திலிருந்து வந்தது குரல். கணக்குப் பாடத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. பர்மாக்காரரின் மருமகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கோடி கோடி கோடி!" என்று கத்தினான். "அதுக்கு மேல ஒண்ணு" என்றாள். அவன் மூச்சு முட்டுகிற வரை கோடியை அடுக்கினான். அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாக, "அதுக்கு மேல ஒண்ணு" என்றாள். வகுப்பு 'ஓ'வென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்தாள்.

"அப்ப இது எண்ண எண்ணக் கொறையவே கொறையாதா டீச்சர்?"

ஒன்றிலிருந்து கோடி வரை எழுதவும் படிக்கவும் கற்றவள்தான் நான். அந்த வரிசைக்கு முடிவே இல்லை என்பதை ஒரு நாளாவது நின்று யோசித்திருக்கிறேனா? கதை சொன்ன நானே தீவட்டிக்காரன் ஒருத்தன் இருக்கிறான் என்றுதானே சொன்னேன்! "கொறையாது. நீ எம்புட்டு எண்ணுனாலும் கொறையாது" என்றேன். பொரிகடலையை வாங்கிக்கொண்டு அவள் தூணுக்குப் போனாள். அடுத்த நாள் புளியங்கொட்டையில் கை வைத்தாள். பங்குனி பிறப்பதற்குள் கூட்டலிலும் கழித்தலிலும் மற்றப் பிள்ளைகளைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆட்டை மட்டும் நான் எண்ணச் சொல்லவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷர்தான். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று சிரித்துச் சிரித்துப் பேசினார். அவளுடைய முறை வந்தபோது வெளியே மணிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடச் சுவருக்கும் கள்ளி வேலிக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. இரண்டு ஆடு சேர்ந்து போக முடியாது. அதில் அவளுடைய அப்பாவின் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

"அந்தா ஆடு போகுது பாரும்மா. எத்தனைன்னு எண்ணிச் சொல்லு. சொல்லிட்டா நீ ரெண்டாப்பு."

"அது ஆட்டை எண்ணாது சார்" என்று பர்மாக்காரரின் மருமகன் முணுமுணுத்தான். நான் வாயெடுத்தேன். தலைமையாசிரியர் கையமர்த்தி, அவளைப் பாருங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

அவள் என் மேஜைக்கு வந்து புளியங்கொட்டை இருந்த கொட்டாங்கச்சியை எடுத்தாள். வாசற்படியில் போய் உட்கார்ந்து பாவாடையை மடியாக விரித்துக்கொண்டாள். ஓர் ஆடு சந்தில் கடந்தது, ஒரு கொட்டை மடியில் விழுந்தது. அடுத்த ஆடு, அடுத்த கொட்டை. உதடு அசையவில்லை. கை மட்டும் ஓடியது. ஆடுகள் போய் முடிந்ததும் உள்ளே வந்து, மடியைத் தரையில் கொட்டி, பத்துப் பத்தாகக் குவித்து, உரக்க எண்ணி ஓர் எண்ணைச் சொன்னாள்.

இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லவில்லை. ஆட்டைத் தொடாமல், ஆட்டின் எண்ணை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கணக்கு என்பதே அதுதான் என்று எனக்கு அந்தத் தரையில், அந்தக் கொட்டைகளுக்கு முன்னால்தான் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடலாமா என்றிருந்தது.

"சரியாத்தான் சொல்லுதா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். நான் எண்ணவில்லை. தலைமையாசிரியரும் எண்ணவில்லை. தானும் எண்ணவில்லை என்பது இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியாக அவளுடைய அப்பா வாசலைக் கடந்தார், கையில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்றோடு. இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டு, மொத்தம் எத்தனை ஆடு என்று கேட்டார்.

"நாங்க எண்றதில்லீங்களே" என்றார்.

துண்டுக்குள் ஏதோ கத்தியது. அன்று காலையில் வழியில் பிறந்த குட்டி, ஈரம்கூடக் காயவில்லை. அவள் அதைப் பார்த்தாள். கொட்டாங்கச்சியிலிருந்து இன்னொரு கொட்டையை எடுத்துக் கடைசிக் குவியலில் வைத்தாள்.

"அதுக்கு மேல ஒண்ணு சார்."

அவளுடைய அப்பா குவியல்களைப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"ஆட்டை எண்ணுனியா ஆத்தா?"

"இல்லப்பா. புளியங்கொட்டையைத்தான் எண்ணுனேன். கொறையலப்பா. கூடியிருக்கு."

அவர் குட்டியைப் பார்த்தார், கொட்டைகளைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "ரெண்டாப்புக்கு ஏறிருச்சுங்களா?" என்றார். ஏறியாயிற்று என்று அவர் சொன்னதும், "அப்ப சிலேட்டு ஒடஞ்சு கெடக்கு, வேற வாங்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆடுகளின் பின்னால் நடந்தார். அவள் குவியல்களைக் கலைத்துக் கொட்டாங்கச்சியில் அள்ளிப்போட்டு என் மேஜையில் வைத்தாள்.

அன்று அவள் சொன்ன எண் எனக்கு மறக்கவில்லை. ஆனால் இங்கே எழுத மாட்டேன். அவர்கள் ஆட்டை எண்ணுகிறதில்லை.