பக்கத்து வீட்டு மிஸ்

கட்டிங் மிசினில் கம்பியை வைத்து அழுத்தினால் போதும், மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுப் பிரேமாவின் தலை தெரியும். "அண்ணாச்சி, பிள்ள படிக்கா. கொஞ்சம் பைய அறுங்களேன்." இரும்பைப் பைய, சத்தமில்லாமல் அறுப்பது எப்படி என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. கோவில்பட்டியில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து பிழைக்கிறவன் நான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பட்டறை போட்டிருந்தால்கூட மே மாதம் லீவு கிடைத்திருக்கும். வீட்டுக்குள்ளேயே நடக்கிற பிரேமாவின் பள்ளிக்கூடத்துக்கு அதுவும் இல்லை. அவள் பாடம் நடத்துகிற நேரம் முழுக்க நான் பெயிண்ட் அடித்துக்கொண்டு கிடப்பேன். பல வருஷமாக மனதில் கிடக்கிற ஆத்திரம் இது.

பிரேமாவுக்கு ஒரே மகள், ஜெபக்கனி. புருஷனுக்கு மில்லில் ஷிப்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வெள்ளை உடுத்திச் சபைக்குப் போவார்கள். பிள்ளையை வேத வசனத்தோடு நாமே படிக்கவைப்போம் என்று முடிவெடுத்து, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. பிரேமா பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். "அவளுக்கு ஒரு பாடம் முன்னால ஓடிக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. நின்னா முந்திருவா" என்பாள்.

ஒரு பழைய கதவுதான் போர்டு. கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தது நான். காலை ஜெபம் முடிந்ததும் வருகைப்பதிவு.

"ஜெபக்கனி."

"உள்ளேன் மிஸ்."

இருப்பதே ஒரு பிள்ளை, அதுவும் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் குடிக்கவும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். பாட நேரத்தில் அம்மா என்று கூப்பிட்டால் பதில் வராது. குக்கர் விசிலடித்தால் பீரியடு முடிந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா.

டீக்கடைத் திருப்பதி என்னைக் கண்டால் விடமாட்டான். "அண்ணாச்சி, ஒங்க பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடத்துல மொத ரேங்க் யாரு?"

"கடைசி ரேங்க் வாங்குதவளேதாம்ல."

சிரிப்பான். பிறகு, "காலேஜ்ல எந்த ஸ்கூல்னு கேப்பான்லா, அப்ப என்ன சொல்லும் அந்தப் பிள்ள?" என்பான். பிரேமாவின் பயமும் அதுதான். ஜெபக்கனிக்கு பிசிக்ஸ் படிக்க ஆசை. திறந்தநிலைப் பள்ளி வழியாக பிளஸ் டூ பரீட்சை எழுதிவிடலாம். ஆனால் செய்முறைத் தேர்வுக்குக் கருவிகளைத் தொட்டுப் பழகியிருக்க வேண்டுமே. வீட்டில் அம்மிக்கல்லும் குக்கரும்தான் இருக்கின்றன.

பிசிக்ஸ் புத்தகத்தில் செய்முறைக்குச் சோதனை என்று பெயர். பிரேமா சபையில் எழுந்து, "எம் மவளுக்கு நல்ல சோதனை கெடைக்கணும், ஜெபிச்சுக்கோங்க" என்று கேட்டுவிட்டாள். சபையில் சோதனை என்றால் ஆளைக் கவிழ்க்க வருகிற கஷ்டம். பக்கத்திலிருந்த ராதாமணி, "ஏட்டி, நாங்கல்லாம் சோதனை வரப்படாதுன்னு ஜெபிக்கோம், நீ கேட்டு வாங்குத" என்றாளாம். பிரேமாவே இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் மதில்மேல் தலை தெரியவில்லை. தாயும் மகளும் வாசல் வழியாகவே வந்தார்கள். "அண்ணாச்சி, கம்பி தடிமன் அளக்க ஒங்க வெர்னியர் வேணும். மிசின் ஓடட்டும், பரவால்ல." அன்றிலிருந்து என் பட்டறைதான் லேப். ஒரு கையில் புத்தகம், மறு கையில் கம்பி. பிரேமா முதலில் தான் அளப்பாள், தப்பும், அழித்துவிட்டுத் திரும்ப அளப்பாள். தனக்குச் சரியாக வந்த பிறகுதான் மகள் கையில் கொடுப்பாள். என் கம்பிகளுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிளஸ் டூ பரீட்சையில் நல்ல மார்க்கு. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் உள்ளே கூப்பிட்டு, எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். ஜெபக்கனி, "எங்க வீடு சார். மிஸ் வெளிய நிக்காங்க" என்றாள். சீட்டு கிடைத்துவிட்டது. திருப்பதியிடம் இதை எத்தனை தடவை சொன்னேனோ, இப்போது அவனே தன் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி டீ குடிக்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போன திங்கட்கிழமை ஜெபக்கனி ரயிலேறிக் கல்லூரிக்குப் போனாள். நான் வழக்கம்போல பெயிண்ட் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஜெபம் முடிந்தது. வருகைப்பதிவு இல்லை. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேலே பிரேமாவின் தலை.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தயே காணும்?"

"பழகிப்போச்சுலா."

மதிலைப் பிடித்து எட்டி, கட்டிங் மிசினைப் பார்த்தாள்.

"மிசினப் போடுங்களேன்" என்றாள். "பைய வேண்டாம்."