அண்ணியின் ஹேர் டிரையர்

கணினியின் நினைவக அட்டையான ரேமை ரப்பரால் தேய்த்து முடித்ததும் பொடியை வாயால் ஊதமாட்டார் அண்ணி. எச்சில் ஈரம் ஆகாது என்று சின்னத் தூரிகையால் தட்டிவிடுவார். பிறகு ரேமை விளக்குக்கு நேரே சாய்த்து, அதன் பொன்னிறப் பற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சோதனைக் கணினிக்கு மூடி கிடையாது. உள்ளே இருக்கவேண்டியதெல்லாம் மேசைமேல் பரந்து கிடக்கும். அதில் ரேமைச் செருகி, சோதனையை ஓடவிட்டு, ஹேர் டிரையரை எடுத்து அதன்மேல் அனல் காற்றைப் பிடிப்பார். அந்த டிரையரை ஒருநாளும் தன் தலைக்குப் பிடித்ததில்லை.

“மூடின பெட்டிக்குள்ள வேகுற சாமான் இது. காத்தோட்டமா வெச்சுப் பாத்தா எல்லாமே நல்ல பிள்ளைதான்” என்பார்.

பழைய கணினிகளை வாங்கிப் பிரித்து, பாகங்களைச் சோதித்து விற்கும் கடை. வருகிறவர்கள் கைபேசியை நீட்டுவார்கள். இந்த ஹார்டு டிஸ்க் சீக்கிரம் செத்துவிடுமாம், அந்த பவர் சப்ளை புகையுமாம், எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்களாம். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படிப்பார். “பாவம், அவங்களுக்குச் செத்திருக்கும். நம்ம கையில இருக்கறது இது. உக்காருங்க, கேட்டுப் பாப்போம்.” ஸ்க்ரூடிரைவர் நுனியை டிஸ்க்கின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொள்வார். புகழ்ந்து எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

அண்ணன் நேர் எதிர். ஒரு ஒயர் வாங்குவதற்குக்கூட ஊர் உலகத்து அபிப்பிராயம் எல்லாம் படிப்பார். “உங்க அண்ணனுக்குத் தலைவலின்னாகூட நெட்டில நாலு பேரு ஆமான்னு சொல்லணும்” என்பார் அண்ணி. ஆனால் கடையில் அவரும் அண்ணியின் முறைப்படிதான் சோதிப்பார். சோதனையில் தேறியதில் வெள்ளைச் சீட்டு ஒட்டி, தன் குண்டுக் கையெழுத்தில் ‘நல்லது’ என்று எழுதுவார். அண்ணி வைப்பது வெறும் நீலப் புள்ளி.

“ஒரு வார்த்தை எழுதினா குறைஞ்சா போயிடுவ?”

“எழுதினா நம்பிடுவாங்க. புள்ளின்னா என்னன்னு கேப்பாங்க.”

அண்ணன் போய்ச் சேர்ந்து சில வாரங்களில் ஒரு புகைப்படக்காரர் நெட்டில் எழுதினார்: ‘அந்தக் கடையில் “நல்லது” என்று ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். ரேமை வாங்கி மாட்டியதிலிருந்து கணினி உறைந்து உறைந்து நிற்கிறது. என் படங்கள் பாழாகின்றன.’ கடையை எட்டிக்கூடப் பார்க்காதவர்களெல்லாம் கீழே ஆமாம் போட்டிருந்தார்கள். அண்ணனின் கையெழுத்தையே காறித் துப்பியதுபோல இருந்தது எனக்கு. பதில் எழுத ஆரம்பித்தேன். அண்ணி கைபேசியை என்னிடமிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“அவர் எழுதினதும் பேச்சு, நீங்க எழுதப்போறதும் பேச்சு. ரேமைக் கொண்டுவரச் சொல்லுங்க தம்பி.”

சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார் மனிதர். சுவரில் புதிதாக மாட்டியிருந்த அண்ணன் படத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. எழுதினதை இப்பவே அழிச்சிடறேன்.”

“இருங்க. தப்பு யார்மேலன்னு பாத்துட்டு அழிங்க.”

முதல் சுற்று சுத்தமாக ஓடி முடிந்தது. “பாத்தீங்களா? கோளாறு உங்க பெட்டியிலதான்!” என்றேன். அவரும் தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் அண்ணனின் பேர் நின்றிருக்கும். அண்ணி எங்கள் இருவரையும் பார்க்காமல் ஹேர் டிரையரை எடுத்தார்.

இரண்டாம் சுற்றின் பாதியில் திரையில் பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தது. பிறகு அடுக்கடுக்காக வந்தன.

“சூடானா உளறுது” என்றார் அண்ணி. “எங்க தப்புதாங்க. நீங்க எழுதினது இருக்கட்டும், அழிக்க வேணாம்.” வேறொன்றை அவர் எதிரிலேயே சுடச்சுடச் சோதித்து, நீலப் புள்ளி வைத்துக் கொடுத்தார். மனிதர் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. “அண்ணன் எப்படி அண்ணி இதை விட்டாரு?”

“கடைசியில அவரால உக்கார முடியல. இந்த அனல் காத்து பட்டாலே மூச்சு முட்டும். ஒரு சுத்து ஓடினதும் எடுத்துச் சீட்டு ஒட்டிடுவாரு. நான் ஓரக்கண்ணால பாத்துட்டுதான் இருந்தேன்.”

“நீங்க மறுபடி போட்டுப் பாத்திருக்கலாமே?”

“பாத்தா அவருக்குத் தெரிஞ்சிடுமே தம்பி. அப்புறம் கடைக்கு எதுக்கு வருவாரு?”

அலமாரியில் அண்ணனின் சீட்டு ஒட்டியவை இன்னும் ஒரு தட்டு நிறைய இருந்தன. அண்ணி அத்தனையையும் மேசைக்கு இறக்கினார். சோதனையில் உளறிய ரேமைக் கழிவுப் பெட்டியில் போடப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். அதிலிருந்த ‘நல்லது’ சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் மெல்ல மெல்ல உரித்தெடுத்தார். ஹேர் டிரையரின் பிடியில் அதை ஒட்டி, விளிம்புகளைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு, அடுத்த ரேமைச் செருகினார்.