பூசணிக்காய் படுத்த கட்டில்

ஹட்டன் டவுனில் சமையல் கேஸுக்கு சனம் வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் கேஸ் அடுப்பு வைத்திருந்த ஒன்றிரண்டு வீடுகளும் அப்போது விறகுக்குத் திரும்பியிருந்தன. விறகைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் அது ஞாபகம் வருகிறது.

என் வீட்டில் ஒரு கட்டில் சும்மா கிடந்தது. மகன் கல்யாணம் முடித்து வந்து படுப்பான் என்று வாங்கியது. பலா மரம். லொறி தொழிற்சாலை வரைதான் வந்தது. அங்கிருந்து நாலு பேர் தேயிலைக்கு நடுவே தூக்கி வந்தோம். வாசலில் நுழையாததால் கட்டில் கால்களைக் கழற்றி, உள்ளே வைத்து மறுபடி மாட்டினோம். மகன் கொழும்பிலேயே குடும்பமாகிவிட்டான். தீபாவளிக்கு வந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவான். எங்களுக்குத் தரையில் பாய் போட்டுப் படுத்துத்தான் பழக்கம். கட்டிலில் என் மனைவி பூசணிக்காய்களை அடுக்கி வைத்தாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவன் என் வயசுக்காரன். மனைவி செத்துப்போய், தனியாக இருந்தான். சொந்தமில்லை, ஆனாலும் சின்னதிலிருந்து மச்சான் முறை. எங்கள் நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே சுவருக்கு மேலே அவன் குரல் வரும்.

“என்ன மச்சான், பூசணிக்கா நல்லா தூங்குச்சா?”

“ஒன்னவிட நல்லா தூங்குச்சு. கொறட்ட விடல.”

“அதுக்கென்ன, தொர மாதிரி கட்டில்ல படுக்குது. நம்ம இடுப்பு சீமந்துத் தரையில கெடக்கு.”

இடுப்பு விஷயம் விளையாட்டு இல்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிடும் மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவனால் நேராக நிமிர முடியாது. குளிரில் புரண்டு படுக்கும்போது அவன் முனகுவது எனக்குக் கேட்கும். கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

“குடுங்க. ஆனா பொழுது சாயட்டும். நாலு பேரு பாக்க வேணாம்.”

நல்ல காரியத்தை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, லயம் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரம், இளவட்டங்களைக் கூப்பிட்டுத் தூக்க வைத்தேன். ஒருவன் தகர டப்பாவைத் தட்டினான். “பெருசுக்கு ரெண்டாங் கல்யாணம்டா” என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க” என்றான். எங்களுக்குள் அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை.

எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. கறி வந்த கிண்ணத்தில் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவோம். கட்டிலுக்கு எதைப் போட்டு அனுப்புவது? நான் அதை யோசிக்கவில்லை. அவன் யோசித்திருக்கிறான். மறுநாளிலிருந்து என் வாசலில் விறகுக் கட்டு இருந்தது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து, அந்த இடுப்போடு, அவனே சுமந்து வந்தது.

“மச்சான், இதெல்லாம் எதுக்கு? கீழ போடு.”

“இருக்கட்டுங்க. நம்மளால முடிஞ்சது.”

சுவருக்கு மேலே குரல் வருவது நின்றுபோனது. நானாகக் கூப்பிட்டால் “சொல்லுங்க” என்பான்.

மழையில் ஒருநாள் விறகோடு விழுந்தான். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்தான். பிறகு கொட்டகலையிலிருந்து அவன் மகள் வந்து கூட்டிப் போய்விட்டாள். போகிற அன்று கட்டிலைத் திருப்பி அனுப்பினான். கட்டில் மேல் ஒரு பூசணிக்காய் இருந்தது, அவன் நட்ட கொடியில் காய்த்தது. விளையாட்டுக்கு வைத்தானா, வெறுமையாக அனுப்பக் கூடாது என்று வைத்தானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மகள் வீட்டிலும் தரையில்தான் படுக்கிறானாம்.

நான் வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். “மச்சான், எங்க காம்பராவுல கால் வைக்க எடமில்ல, இத ஒன் பக்கம் போட்டு வையி” என்றிருந்தால், என்னைத் திட்டிக்கொண்டே எடுத்துப் போட்டிருப்பான்.

கொட்டகலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், அவனைப் பார்த்துச் சொல்லுங்கள். கட்டில் தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். எனக்கு இடமில்லை, அவன் எடுத்துக்கொண்டால் எனக்கு உதவி என்று சொல்லுங்கள். அந்தப் பூசணிக்காயை இன்னும் வெட்டவில்லை, அது கட்டிலில்தான் தூங்குகிறது என்றும் சொல்லுங்கள்.