ஓசையில்லாத படகில் சித்தி

“சித்தி, பின்னாடி ஒரு குழாயில தண்ணி சொட்டுது.”

“சொட்டட்டும். இந்தப் படகு விடுற புகையே அதுதான்.”

“புகையா?”

“டேங்க்ல இருக்கிற ஹைட்ரஜனும் வெளிக்காத்தும் இந்த ஃப்யூவல் செல்லுங்கிற பெட்டிக்குள்ள சேருது. கரண்டு வருது, சூடு வருது, மிச்சம் தண்ணி. நீதானே இதையெல்லாம் தமிழ்ல எழுதிக் குடுத்தே?”

“எழுதினேன். பார்த்ததில்லை.”

“இப்பப் பாரு.”

“சரி, படகு எப்பக் கிளம்பும்?”

“கிளம்பி எவ்வளவு நேரமாச்சு. ஜன்னல் பக்கம் திரும்புடி.”

“சித்தி, ஏன் கத்துறீங்க?”

“நான் எங்கடி கத்துறேன்?”

என்ஜின் ரூமுக்கு மேலே, மேல்தளத்திலிருந்து பயணி ஒருவர், “இல்லம்மா, ரகசியமாத்தான் பேசறீங்க,” என்றார். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது.

சித்தியின் தொண்டை அப்படி. என்ஜின் ரூமைத் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, அதை ஓட்டும் ஆளாக உயர்ந்தவள். பழைய டீசல் படகில் காதடைப்பானை மாட்டிக்கொண்டு, கத்தியும் கையை ஆட்டியும்தான் காலம் தள்ளினாள். வீட்டில் அவள் உப்பைக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், “எவன் வந்து கேட்டான்?” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பிறகு, துடைத்து வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி துடைப்பாள்.

புதுப் படகு வந்தபோது அதன் இயக்கக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதிய இரண்டு பக்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “செல்லு நிதானமான ஆளு, பேட்டரி அவசரக்குடுக்கை. துறையை விட்டுக் கிளம்புறப்ப பேட்டரி பாயும், அப்புறம் செல்லு பொறுமையா இழுத்துட்டுப் போகும்.” மறுநாளே படகு ஊழியர்கள் அவளுக்கு ‘பேட்டரி’ என்றும், கூடவே வேலை செய்த எலக்ட்ரீஷியனுக்கு ‘செல்’ என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

எலக்ட்ரீஷியன் குரலே எழும்பாத மனிதர். டீசல் காலம் முழுக்க அவர் வாயசைத்தார், சித்தி தலையசைத்தாள். புதுப் படகின் முதல் பயணமான அன்று, பேட்டரிப் பெட்டி முன்னால் குனிந்தபடி அவர் ஏதோ சொன்னதும் சித்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“சார், நீங்க பேசுவீங்களா?”

“வருஷக்கணக்கா பேசிட்டுதான் இருக்கேன்.”

“என்னன்னு?”

“பெரும்பாலும் ஜோக்குதான்.”

“நான் சிரிச்சிருக்கேனே.”

“சிரிச்சீங்க. எங்க அப்பா தவறிட்டார்னு சொன்னப்பவும் சிரிச்சீங்க.”

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயையோ. வேற என்ன சொன்னீங்க?”

“சொல்லலை. ஒருதடவை ஒண்ணு கேட்டேன்.”

“நான் என்ன பதில் சொன்னேன்?”

“கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீங்க. எனக்குத் தலைகால் புரியலை. அப்புறம் ஒரு ஸ்பானரை எடுத்துக் கையில குடுத்துட்டுப் போயிட்டீங்க.”

“ஸ்பானரா கேட்டீங்க?”

“இல்லை.”

அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. சித்தி அந்தக் காதுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காதுகளைப் பார்த்தாள். பிறகு, ரகசியம் என்று அவள் நம்பிய குரலில் கேட்டாள்:

“என்னைக் கட்டிக்கிறீங்களான்னா கேட்டீங்க?”

மேலே சட்டென்று பேச்சு நின்றது. ஸ்பீக்கரில் கேப்டன், “என்ன சொல்றாரு? இங்க எல்லாரும் காத்திருக்காங்க,” என்றார். விசில் பறந்தது. ஒரு குழந்தை, “அம்மா, யாருக்குக் கல்யாணம்?” என்றது. கைதட்டலில் படிக்கட்டே அதிர்ந்தது.

அதன் நடுவே எலக்ட்ரீஷியன் வாயசைத்தார். அன்றைக்கு அவர் எனக்கு எலக்ட்ரீஷியன்தான். சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கியது பிறகுதான். அவர் சொன்ன ஒரு சொல்கூட எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. பழக்கதோஷத்தில் தலையசைக்கப் போன சித்தி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவரைக் கையமர்த்திவிட்டு என் தோளைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினாள்.

“நீ மேல போ. எல்லாரையும் கொஞ்ச நேரம் வாயை மூடச் சொல்லுடி, கண்ணு. இந்தத் தடவை எனக்குக் கேக்கணும்.”